பட்டியலில் இல்லாத சொல்

காட்பாடியில் இறங்கிப்
பதினோரு நிமிடம் தாமதமாகப் போனேன்.
எப்சிபா திட்டவில்லை.
நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டாள்.
ஆராய்ச்சிக்கு வந்தவனைத் திட்டினால்
நாடித்துடிப்பு மாறிவிடுமாம்.

இருநூறு ரூபாய், ஒரு குளுக்கோஸ் பொட்டலம்,
கையெழுத்துப் போட மூன்று தாள்.
மூன்றாவதில் இருந்தது:
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.
இப்படி ஒரு வரியை
எந்தக் கல்லூரி விண்ணப்பத்திலும் நான் பார்த்ததில்லை.

இருபது சொல் வாசித்தாள்,
சொல்லுக்கு இரண்டு நொடி.
மணி. கூரை. நாவல். சாவி. கம்பளி.
கத்திரி வெயில் தொடங்கி இரண்டாம் நாள்,
வேலூரில் ஒருத்தி
கம்பளி என்கிறாள்.

பிறகு நகராத சைக்கிள்.
முப்பது நொடி உயிர் போகிற மிதி,
ஒரு நிமிடம் மூச்சு,
மறுபடி மிதி.
எட்டு தடவை.
ஐந்தாவதில்
என் பெயர் முனிரத்தினம் என்பது
யாரோ சொன்ன தகவலாக இருந்தது.
எட்டாவதில் தகவலும் இல்லை.

"ஞாபகம் வர்றதெல்லாம் சொல்லுங்க."
மணி.
கூரை.
மணி.
"மணி சொல்லிட்டீங்க."
அப்புறம் ஒரே வெள்ளை,
பாலாற்றுக்கு வருஷம் முழுக்க இருக்கிற வெள்ளை.
வியர்வை வழிந்து உதட்டுக்கு வந்தது.
உப்பு, என்றேன்.

பேனா நின்றது.
உப்பு பட்டியலில் இல்லை.
இல்லாததைச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டம்;
அதில் ஒரு கோடு போட்டாள்.
பேரணாம்பட்டில் என் அப்பா
பச்சைத் தோலுக்கு உப்பு தடவுகிறவர்,
அவர் சட்டை காய்ந்தால் தானாக நிற்கும் என்பதை
நான் சொல்லவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

இருபது நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள்.
பதினேழு வந்தது.
நாவல், சாவி, கம்பளி, ஏணி, தபால்,
கதவு திறந்ததும் பந்திக்குள் பாய்கிறவர்கள் மாதிரி
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
எப்சிபா காற்றில் ஒரு வளைவு வரைந்தாள்:
"மொதல்ல சர்ருனு கீழ போகும். அப்பறம் ஏறும்.
ஏன்னு கேக்காதீங்க,
அதுக்குத்தான் இன்னும் முப்பது பேர் வேணும்."

அடுத்த வாரம் வேறு பட்டியல்.
பன்னிரண்டாவது சொல், உப்பு.
அதைத் தவிர
மற்றதெல்லாம் சொன்னேன்.

எனக்குப் புள்ளியியலில் ஒரு அரியர்.
மூன்றாம் முறை.
படித்துவிட்டு ஓடினால் நிற்கும் என்று
அந்த வளைவிலிருந்து நானாகப் புரிந்துகொண்டு,
தேர்வன்று விடிய நாலரைக்கு
பாலத்துக்குக் கீழே ஆற்றில் இறங்கினேன்.
உள்ளங்கையில் சூத்திரம்.
படிப்பேன், ஓடுவேன், படிப்பேன்.
மணலில் ஓடினால்
பாதி உழைப்பு மணலுக்கு.

திருட்டு மணல் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரன்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.
"இன்னாபா, போலீஸ் செலக்‌ஷனா?"
"இல்ல. புள்ளியியல்."
அவன் மாட்டின் கழுத்தைத் தட்டி
அதனிடம் ஏதோ சொன்னான்.
மாடும் என்னைப் பார்த்தது.

ஏழாவது கேள்வி.
திட்ட விலக்கம் காண்க.
கண்ணை மூடினேன்.
மணி. கூரை. நாவல். சாவி. கம்பளி.
எப்சிபாவின் குரலில், சொல்லுக்கு இரண்டு நொடி,
மூன்று வாரம் பழைய பட்டியல்,
இருபதும், வரிசை பிசகாமல்.
கேட்கிறவள் மட்டும் அங்கே இல்லை.

உள்ளங்கையைப் பார்த்தேன்.
மை கரைந்து ஒரு நீலக் கறை.
யாரும் பார்க்காதபோது நக்கினேன்.
கரித்தது.

அப்போது வந்தது,
முழுசாக இல்லை,
முதலில் வர்க்கமூலக் குறி மட்டும்:
ஒரு பக்கம் சாய்ந்த கூரை.
வரைந்துவிட்டேன்.
உள்ளே யாரும் இன்னும் குடிவரவில்லை.
மேற்பார்வையாளர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்.

இருபது நிமிடம் இருக்கிறது.