சேறு: கட்டாயம் நிரப்பவும்

பொருள். இடம். தொடக்கம். முடிவு.
நினைவூட்டல்: பதினைந்து நிமிடம் முன்பு.
எந்த ஊரிலோ
கண்ணாடி அறைக் கூட்டங்களுக்கு
யாரோ அளவெடுத்துத் தைத்த சட்டை.
கொரடாச்சேரியில், உரக்கடை மாடியில்,
ஆறு அறுவடை வண்டிகளுக்கு
அதையே மாட்டிவிடச் சொன்னார்கள்.

தோளில் பிடித்தது முதலில்.
'இடம்' கட்டத்தில்
ஹாஜா மைதீன் தட்டியிருந்தார்:
"பாலம் தாண்டி டிரான்ஸ்பார்மருக்குக் கிழக்கே,
மற்றதை வாய்க்காலில் கேட்டுக்கொள்ளவும்."
வாய்க்கால் சொல்லுமா என்றேன்.
"ஐப்பசியில சொல்லும்மா."

பிரித்துத் தைக்கத் தொடங்கினேன்.
செருகுநிரல் என்று பெயர் அதற்கு.
மடியில் செருகிய பத்து ரூபாய் மாதிரி
வெளியே தெரியாது, ஆத்திரத்துக்கு உதவும்.
மின்னஞ்சலின் நாட்காட்டியில்
சந்திப்புப் படிவத்தைத் திறந்தால்
இப்போது இவையும் கேட்கும்:
பயிர் நிற்கிறதா, சாய்ந்ததா?
செயின் வண்டியா, டயர் வண்டியா?
சேறு: இல்லை, கணுக்கால், முழங்கால்.
முழங்காலைத் தொட்டால்
டயர் வண்டி தானே மங்கிப்போகும்.
அந்த ஒரு மங்கலுக்கு
மூன்று இரவும் ஒரு கொசுவத்திப் பெட்டியும் போனது.

'முடிவு' கட்டத்தை எடுக்க முடியவில்லை.
முடியும் நேரம் தெரியாத சந்திப்பைச்
சந்திப்பென்று மென்பொருள் ஒப்புவதில்லை.
வண்டியோட்டி செங்கோடனை,
ஆத்தூர்க்காரர், போனில் கேட்டேன்,
எத்தனை மணிக்கு முடியும்?
"நெல்லு தீந்தா."
அதைத் தட்டினால்
சிவப்பில் கோடு போட்டது கணினி.
இரவு பதினொன்றரை என்று பொய் எழுதினேன்.
எல்லா வயலும்
இன்றுவரை பதினொன்றரைக்குத்தான் முடிகிறது.

கடைசியில், விளையாட்டாக,
மழைக்கும் ஒரு மின்னஞ்சல் பெட்டி திறந்தேன்.
புரட்டாசியிலிருந்து தை வரை
எந்த வயலுக்குத் தேதி போட்டாலும்
அதற்கும் ஓர் அழைப்பு போகும்.
மழை எங்கே பதில் போடப்போகிறது?
போடாதவரை
'உறுதியில்லை' என்றே திரையில் நிற்கும்.
சரியாகத்தானே இருக்கிறது என்று சிரித்து
கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதி
கணினி ஓரத்தில் ஒட்டிவிட்டுக்
கும்பகோணம் பஸ் ஏறினேன்.

இருபது நாள் கழித்துச் சாந்தநாயகி அழைத்தாள்.
"ஏங்க, நம்ம மூணு மா வயலுக்கு
மழை வரமாட்டேன்னுடுச்சாமே,
மெசேஜ் வந்திருக்கு.
வண்டிய நாளைக்கே அனுப்புங்க."

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.
மழை பதில் போட்டிருக்கிறது.
தினமும், நாலு ஐம்பதுக்கு.
பூந்தோட்டம்: ஏற்கிறேன்.
எண்கண்: மறுக்கிறேன்.
அம்மையப்பன்: ஏற்கிறேன்,
கீழே குறிப்பு, "மத்தியானத்துக்கு மேல்."

பஜ்ர் தொழுகைக்குப் போகுமுன்
மொட்டைமாடியில் நின்று
கொண்டல் முகத்தில் படுகிறதா என்று பார்த்துவிட்டு
ஹாஜா மைதீன் இறங்கி வருகிறார்.
ஒவ்வொரு வயலாகத் திறக்கிறார்.
நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று பலித்திருக்கிறது.
பலிக்காத ஒன்றில்,
நனைந்த நெல் பதினேழு சதத்தைத் தாண்டி
கொள்முதல் நிலையத்தில் திரும்பிவந்த அன்று,
மழையின் பெட்டியிலிருந்து
வயல்காரருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது:
"சொல்லாமல் வந்துவிட்டேன். மன்னிக்கவும்."

கடவுச்சொல்லை மாற்றப்போனேன்.
மாற்றவில்லை.

பங்குனியில் தணிக்கை.
ஒரு பெட்டிக்கு மாதம் இவ்வளவு கட்டணம்,
இந்த மழை யார்,
எந்தப் பிரிவு, என்ன பதவி என்று
தஞ்சாவூரிலிருந்து ஒரு படிவம் வந்தது.
அதில் எல்லாக் கட்டமும் கட்டாயம்.
ஹாஜா மைதீனிடம் நீட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஒற்றை விரலால் தட்டினார்:

பருவகாலப் பணியாளர்.