முகவரிக் கட்டம்

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
வீட்டுப் பூனை. வெளிப் பூனை.
டோன்கோ இரண்டையும் பார்த்துவிட்டு
பேனாவை என்னிடமே திருப்பித் தந்தான்.
"இது லாரிப் பூனை, டாக்டர்."

ஸ்ப்ளிட் துறைமுகத்தின் பின்தெரு.
மழையில் அவன் வண்டி
மீன்கடைக்காரரின் வாசலை அடைத்து நிற்கிறது.
மேஜைமேல் மிர்வா.
ரொட்டித் துணுக்கு என்று பொருள்,
எடை ஐந்தரைக் கிலோ,
காது மடலில் டீசல் வாசம்.

எங்கே தூங்கும்?
"இருக்கைக்குப் பின்னால். என் போர்வையில்."
இறங்குமா?
"நான் இறங்கும் இடத்திலெல்லாம்."
வேட்டை?
அவன் முகம் தகப்பன் முகமானது.
"பொலோன்யாவில் ஓர் எலி.
வாலை மட்டும் எனக்கு வைத்தது."

நாடாப்புழு, என்று எழுதிக்கொண்டேன்.

மற்ற பூனைகளோடு பழக்கம்?
"ஸ்லோவேனியாவில், ஒரு பெட்ரோல் பங்கில்,
கறுப்பன் ஒருத்தன்.
சண்டையா சல்லாபமா தெரியவில்லை."
இரண்டுக்கும் ஒரே ஊசிதான்.
முதலில் ரத்தம் பார்க்க வேண்டும்.

வழித்தடம் கேட்டேன்.
சட்டைப்பையிலிருந்து டீசல் ரசீதுகளைக்
கொத்தாக எடுத்து வைத்தான்.
நாடி பிடிப்பதுபோல் ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.

ஜூலை, போ ஆற்றுச் சமவெளி, மூன்று இரவுகள்:
கொசு.
அது இறக்கிவிட்டுப் போகும் புழு
இதயத்தில் குடித்தனம் நடத்தும்.
மாதம் ஒருமுறை பிடரியில் சொட்டு மருந்து,
நாக்கு எட்டாத இடத்தில்.
ஏப்ரல், மலைக்காட்டுச் சாலை: உண்ணி.
நாய்க்கான மருந்து பாதி விலைக்குக் கிடைக்கும்,
வாங்கிவிடாதே,
நாய்க்கு மருந்து, இதற்கு நஞ்சு.

அடுத்த ரசீது, நோவி சாட்.
"எல்லையில் எப்படி?"
"போர்வைக்குள்..." என்று இழுத்தான்.
"இதுவரை போனது போகட்டும்."

முதலில் சிப். அதன்பிறகே வெறிநோய் ஊசி.
முப்பது நாள் கழித்து ரத்தம்.
கிளம்புமுன் எடுத்து, பாஸ்போர்ட்டில் பதிந்துவிட்டால்
திரும்பும்போது தடையில்லை.
போனபிறகு எடுத்தால்
மூன்று மாதம் வாசலிலேயே நிற்கும் பூனை.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்,
அந்த மாதச் சவாரியை வேறொருவனுக்குத் தள்ளினான்.

காத்திருந்த ஃபிலோமெனா அம்மையார்
கூடையைத் தொடையில் இறுக்கிக்கொண்டார்.
"ஐந்தாவது மாடி. மண்ணே மிதித்ததில்லை.
என் பட்டுக்கு எதற்கு ஊசி?"
அவருடைய ஈரச் செருப்பைக் காட்டினேன்.
நீங்கள் மிதிக்கிறீர்களே.

கடைசியாக, சிப் பதிவு.
பெயர், நிறம், பிறந்த வருடம், உத்தேசமாக.
முகவரி.

வைப்பர் ஓடுவதுபோல்
அவன் கை பூனையின் முதுகில் போய்வந்தது.
"லாரி எண் போடலாமா?"
போட்டுப் பார்த்தேன். கணினி சிவந்தது.
"வீட்டை அவளுக்கு விட்டுக் கொடுத்தேன்,
பூனையை அவள் எனக்கு."
வேறொன்றும் சொல்லவில்லை.
இதைத் தவிர அன்று அவன்
எந்தக் கேள்விக்கும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

என் மருத்துவமனையின் தெருவை அடித்தேன்.
கதவு எண்ணை அடித்தேன்.
கணினி வாங்கிக்கொண்டது.

இப்போதெல்லாம் வெரோனாவில் வெயில் ஏறினால்
இங்கே எனக்குக் கொசு ஞாபகம்.
மாதம் பிறந்ததும் ஒரே சொல் அனுப்புவேன்: "சொட்டு?"
ஒரு படம் வரும்.
இரண்டு தடித்த விரல்கள் விலக்கிப் பிடித்த
பிடரி முடி, நடுவில் ஈரம்.
பின்னால் ஏதோ ஒரு வண்டி நிறுத்தம்,
மஞ்சள் விளக்குகள், சிலசமயம் பனி.

எந்த ஊர் என்று கேட்பதில்லை.
அடுத்த முறை ரசீதில் தெரியும்.