இரண்டு பகீரதன்

எழுபத்தேழில் ரத்தோட்டையில் லயம் எரிந்த கிழமை
லொறியில் ஏறி வந்த சனத்தில்
அப்பா மட்டும் கவ்வாத்துக் கத்தியைச்
சாரத்துக்குள் சுற்றி எடுத்து வந்தாராம்.
தேயிலை இல்லாத கிளிநொச்சியில்
அதனால் ஈச்சம்பற்றை வெட்டினார்,
பாலை வேரோடு மல்லுக்கட்டினார்,
இரணைமடு வாய்க்கால் எட்டாத இரண்டு ஏக்கரைக்
காணி ஆக்கினார்.
காணி அவருடையதல்ல.

காணிக்காரருக்கு ஒரு மகன். பகீரதன்.
அடுத்த மாரியில் நான் பிறக்க
அதே பெயரை எனக்கும் வைத்தார்.
பெயர் போன வழியில்
உறுதியும் ஒருநாள் நடந்து வரும் என்று நினைத்தாரோ,
கேட்டதில்லை.
இடாப்பில் இரண்டு பகீரதன்.
பிழைபடாமல் இருக்க வாத்தியார்
எனக்கு முன்னால் 'தோட்டத்து' என்று சேர்த்தார்.

சமதரையிலும் அப்பா
மேடு ஏறுகிறவர் மாதிரி முன்னுக்குச் சாய்ந்தே நடப்பார்.
பெடியள் சிரிக்க
நானும் அப்படி நடந்து காட்டியிருக்கிறேன்,
சந்தை நடுவில், அவர் பார்த்திருக்க.
"பேசுறேன் எண்டு சொல்லாதேங்கோ அப்பா.
இங்க பேசுறது எண்டால் ஏசுறது."
"சரிடா தம்பி, கதைக்கிறேன்" என்றார்.
அங்கேயும் சேராத இங்கேயும் சேராத அந்தச் சொல்லை
சாகும்வரை வைத்திருந்தார்.

தொண்ணூற்றாறில் மற்றப் பகீரதன் கொழும்புக்குப் போக
பாஸுக்குப் பிணை நின்றது அப்பா.
அவன் திரும்பவில்லை. கனடா என்றார்கள்.
பிணைக்காரர் மூன்று மாதம் பங்கர் வெட்டினார்.
வீட்டுக்கு வந்து, கை கழுவி,
"அந்தப் புள்ள போய்ச் சேர்ந்திருச்சில்ல" என்றார்.
நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

பிறகு எல்லோரும் ஓடினோம்.
செட்டிகுளத்து முகாமில் பதிவெடுத்தவன்
"சொந்த இடம்?" என்றான்.
அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பின் என் பெயரைச் சொன்னார்.
காது கேளாது என்று எழுதிக்கொண்டார்கள்.

போன மாதம் அவன் வந்தான், உறுதியோடு.
கெட்டவன் இல்லை. என் பிள்ளைகளுக்கு
ஒரு பை நிறையச் சொக்லேட்.
பிரதேச செயலகத்தில் கிளாக்கர் பைலைப் புரட்டி
"ஆர் பகீரதன்?" என்றா.
இரண்டு பேரும் எழும்பினோம்.
"தகப்பன்ர பேர்?"
அவன் சொன்னான். பைலில் இருந்தது.
என்னிடம் கேட்கவில்லை.
சிவனாண்டி, என்றேன்.
மின்விசிறிச் சத்தத்துக்கு மேலால்
இன்னொரு தரமும்.

காணி காட்ட நான் முன்னால் போனேன்.
"என்ன, இடுப்பு நோவோ? சாய்ஞ்சு நடக்கிறாய்"
என்றபடி வந்தான்.
கிணற்றடியில் வாளியைச் சரித்துக் குடித்தான்.
"நல்ல தண்ணி. ஆர் வெட்டினது?"

இரண்டு தரம் சொல்லியிருந்தேன்.