உரசாத ஒரு சுண்டு

"தோல் தடிப்பு அக்கா," என்றா நுஸ்கியா.
"தண்ணி உள்ளுக்குப் போகாது."
மிருக வைத்தியக் கந்தோர்ப் பொட்டலத்தில்
இப்பிலிப்பில் விதை, கபில நிறம்,
சட்டைப் பொத்தான் மாதிரி மினுங்கிற்று.
எனக்கு ஏழு மாடு. வாகனேரியில் அரை ஏக்கர் மணல்.
ஆவணி வெயிலில் மாட்டு விலாவை எண்ணலாம்.

ஐந்து துணித் துண்டு நனைத்தோம்.
ஒவ்வொன்றிலும் நூறு.
ஒன்று சும்மா. ஒன்று ஓர் இரவு பச்சைத் தண்ணீரில்.
ஒன்று, அடுப்பால் இறக்கி, கொதி அடங்கி,
ஆனாலும் விரல் வைக்க விடாத நீரில் மூன்று நிமிடம்.
இன்னொன்றும் அதற்குத்தான் இருந்தது;
பால் லொறி கோன் அடிக்க
நான் ஓடிப்போய்த் திரும்பும்வரை கொதித்துவிட்டது.
"அதையும் வைங்க," என்றா. "எழுத ஒரு வரி கிடைக்கும்."

கடைசி நூறை
பால்மாப் பேணிக்குள் அரத்தாள் ஒட்டிக் குலுக்கினேன்.
வேலிக்கு அப்பாலிருந்து தங்கேஸ்வரி:
"ஆருக்கடி உடுக்கு அடிக்கிறாய்?"
"விதைக்கு. உரு வருதா எண்டு பாக்கிறன்."

ஏழாம் நாள் வந்தது.
சும்மா வைத்ததில் ஒன்பது. பச்சைத் தண்ணீரில் பதினாலு.
சுடுநீரில் அறுபத்தேழு.
கொதித்தது கூழ்; கோழிகூடத் தொடவில்லை.
பேணியில் உரசியதில் எண்பத்துமூன்று,
வெள்ளை வேர், பூனைக்குட்டிப் பல் போல.

மிச்ச விதை முழுக்க உரசினேன்,
பொட்டலம் கிழிந்து வேலியோரம்
சிந்திய ஒரு பிடி தவிர.

புரட்டாதிக் கடைசியில் ஒரு மழை. நாலு நாள்.
அரை ஏக்கரும் ஒரே காலையில் எழும்பிற்று.
நுஸ்கியா போனில் படம் எடுத்தா.
பிறகு பதினாறு நாள் வெயில்.
உரசியதெல்லாம் நம்பி வந்தவை.
நூலாய்க் காய்ந்து
விளக்குமாற்றோடு போயின.

கார்த்திகையில் வாய்க்கால் முட்டிய மழைக்கு
வேலியோரம் ஒன்று.
இரண்டு நாள் கழித்து இன்னும் இரண்டு.
பஸ் இறங்கி வருகிறவர்கள் மாதிரி,
ஆளுக்கு ஆள் சம்பந்தமில்லாமல்.
மார்கழி முடிய முப்பத்தொன்று.
நான் குறை என்று தேய்த்துத் தள்ளியது
முதல் மழையிடம் "பொறு" என்று சொல்லும் வாயை.

அதற்காகப் பேணியை எறிந்துவிடவில்லை.
மாட்டுக்குப் பசி; அதற்குப் பொறுமை விளங்காது.
இந்த வருடம் மூன்று சுண்டு உரசியது,
ஒரு சுண்டு உரசாதது, கலந்து வீசுகிறேன்.
கொப்பியில் இதற்கு நிரல் இல்லை என்கிறா நுஸ்கியா.
கீறுங்க, என்றேன்.

அடிமட்டம் தேடுகிற நேரத்துக்குள்
சுட்டிக் கன்று வேலிக்குள்ளால் கழுத்தை விட்டு
போன வருடத்து முப்பத்தொன்றில்
ஒன்றை மொட்டையாக்கிவிட்டது.