மோலோ ஊரின் குதிரைகள்

எங்கள் ஊரில் குதிரைகள் பதினொன்று.
இரண்டு என்னுடையவை.
பாதிரியாருக்கு ஒன்று, கப்பித்தானுக்கு ஒன்று,
கரும்பாலைக்காரருக்கு நான்கு,
மிச்சம் மூன்றும் கடனில் கைமாறிக்கொண்டே இருக்கும்.
நான் வண்டிக்காரன், கார்பியோ.
குளம்புச் சத்தத்தை வைத்தே
எவர் வீட்டுக் குதிரை போகிறதென்று சொல்வேன்.

தோன் தெலெஸ்ஃபோரோவின் பேரேட்டிலோ
குதிரைகள் நாற்பத்து மூன்று.

மணிலாவில் மருந்து படித்துவிட்டு
இருநூறு பீங்கான் ஜாடியோடு கப்பலில் வந்து இறங்கியவர்.
துறையிலிருந்து ஏற்றி வந்தது என் வண்டிதான்.
ஒன்பது ஜாடி உடைந்தது.
மேடுபள்ளத்தின் குற்றம் என்று அவரே சொல்லிவிட்டார்.

கடை வாசலில் இரண்டு கண்ணாடிக் குடுவை.
பின்னால் விளக்கேற்றினால்
சேற்றுத் தெருவில் ஒரு நீலக் குட்டை, ஒரு சிவப்புக் குட்டை.
கையில் காசில்லாதவர்கள்
நீலத்தில் நின்று யோசிப்பார்கள்.
உள்ளிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

கொய்னா நிறுக்கும்போது மூச்சு விடமாட்டார்.
யாராவது வாயைத் திறந்தால் இடக்கை எழும்.
பாதிரியார் பேச்சை
பாதியில் நிறுத்தி நான் பார்த்தது
அந்த ஒரு கைதான்.

காலரா ஆண்டில்
என் வண்டியில் உட்கார்ந்து போனவர்களைவிடப்
படுத்துப் போனவர்கள் அதிகம்.
இருபது இரவு அவர் கடை பூட்டவில்லை.
பத்தாம் இரவு அவர் மனைவி.
வண்டியைக் கல்லறையில் விட்டுத் திரும்பியபோது
எழுதிக்கொண்டிருந்தார்:
'ரொமானா. அபின், முப்பது சொட்டு. பணம் வரவில்லை.'
மை காயட்டுமென்று
வெகுநேரம் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

பிறகு பையன்கள் மலைக்குப் போனார்கள்.
இருட்டியதும் தறிக்காரப் பெண்கள்
நூல்கூடையோடு வந்து நிற்பார்கள்.
கார்பாலிக் வேண்டும், காயத்துணி வேண்டும்.
யாருக்கென்று சொல்ல வாயெடுக்கும் முன்பே
தெருவுக்கே கேட்கிற மாதிரி அவர் சொல்வார்:
"குதிரைக்குத்தானே? ஆகட்டும்."

தோளில் குண்டு பட்ட குதிரை.
இரண்டு விரல் போன குதிரை.
காய்ச்சலில் அம்மாவைக் கூப்பிடுகிற குதிரை.
என் கறுப்பியோ கொழுகொழுவென்று
பாலத்தில் சாணி போட்டபடி போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு மழைநாள்
கப்பித்தான் உர்ரூத்தியா நான்கு காவலர்களோடு வந்தார்.
பேரேட்டைக் கேட்டார். விரல் வைத்து எண்ணினார்.
என்னைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள்.
"வண்டிக்காரா, இந்த ஊரில் குதிரைகள் எத்தனை?"

எனக்குப் பொய் சொல்லவும் தெரியும்.
ஆனால் அன்று நாக்கில் வந்து நின்றது
பதினொன்று.
அவர் இடக்கை எழுந்தது.

பிறகு, அவசரமே இல்லாமல்,
பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டி
பிப்ரவரியில் நிறுத்தி
கப்பித்தான் பக்கமாகத் திருப்பி வைத்தார்.
எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இருந்தாலும் படித்தேன்:
'கப்பித்தானின் குதிரை. ரசக் களிம்பு, ஆறு வாரம்.
இரவில் பூசவும். மதுவும் விருந்தும் ஆகாது.'

கூரையில் மழை பெய்தது.
கப்பித்தானின் காது
வாசல் குடுவையைவிடச் சிவந்தது.
"இந்தச் சீதோஷ்ணம்," என்றார் கடைசியில்,
"குதிரைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை."
"இல்லைதான்," என்றார் இவர். "இரண்டு பேசோ பாக்கி இருக்கிறது."
கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம் என் கறுப்பி
நிஜமாகவே விழுந்துவிட்டாள். வயிறு உப்பி, கண் செருகி.
நடுராத்திரியில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.
"கார்பியோ, எனக்குக் குதிரையைப் பற்றி
ஒரு மண்ணும் தெரியாதே."

ஆனாலும் வந்தார்,
இரவுச் சட்டையோடு, சோம்புத் தைலப் புட்டியோடு.
விடியும்வரை அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு
தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.
உதைக்குமா என்று
நாலு தரம் கேட்டார்.

கறுப்பி பிழைத்தாள்.
கடைசிவரை அதைப் பேரேட்டில் அவர் எழுதவில்லை.