இடப்பக்கம் இழுக்கும்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் கௌரவம்,
சுட்டால் விலை இறங்கும் என்கிறார் ஸ்கொக்மன்.
வெப்ளி. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டு.
பிடியில் யாரோ கீறிய இரண்டு எழுத்து,
மூன்றாவது பாதியில் நிற்கிறது.

நான் பல் வைத்தியர்.
வெள்ளவத்தையில் வாரம் ஆறு நாள்
அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருப்பவள்.
ஞாயிறு காலை கழகப் பதிவேட்டில்
ஒப்பமிட்டு இதை வாங்குகிறேன்.
பன்னிரண்டு ரவை. எண்ணித்தான் தருவார்கள்.

பக்கத்துத் தடுப்பில் இரண்டு பையன்கள்
பிளாஸ்டிக் பிடிபோட்ட புதியவற்றால்
தாளைத் தூளாக்குகிறார்கள்.
என்னுடையது கனம்.
விசை, கடைவாய்ப் பல்லைப் போல:
அசையாது, அசையாது, பிறகு
ஒரேயடியாக வந்துவிடும்.
இடப்பக்கம், கீழே இழுக்கும். ஆகவே
வலமாய் மேலாய் ஒரு விரற்கடை
தள்ளித்தான் குறிவைப்பேன்.
இந்தப் பிழையைப் பழக எனக்கொரு மழைக்காலம் போனது.

முன்பு யாரை நோக்கி நீட்டினார்கள்?
இரும்பு சொல்லாது.
நானும் கேட்பதில்லை.
கொழும்பில் இந்தச் சத்தத்துக்கு ஒரு காலம்
யன்னலைச் சாத்தி, அடையாள அட்டையைத் தேடி,
தரையோடு படுத்திருக்கிறோம்.
இன்று அது என் மணிக்கட்டில் தொடங்குகிறது.
காதடைப்பானுக்குள் என் மூச்சு மட்டும்.

ஒன்பது கறுப்பில். இரண்டு வெள்ளையில்.
ஒன்றைக் காணவே இல்லை.

கடற்காற்று துருவைக் கொண்டுவரும் முன்
குழலுக்குள் துணி விட்டு இழுக்கிறேன்,
கரி, எண்ணெய், மறுபடி கரி.
"பாவம், கிழட்டுச் சாமான்" என்கிறார் ஸ்கொக்மன்.
அடுத்த ஞாயிற்றுக்கும் பெயர் எழுதிவிட்டேன்.