புள்ளி எட்டு

மூணு மாசத்துக்கு ஒருமுறை
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கிறேன்.
என் ரத்தத்தில் மருந்து உப்பு எவ்வளவென்று
ஒரு தாளில் வரும். புள்ளி எட்டு.
அதைச் சுற்றி வட்டம் போட்டு
"நல்லாருக்கு ரெக்சலின்" என்பார் டாக்டர் முபீனா.
கடலுக்குள் நின்று பிழைப்பவளுக்கு
உப்பை அளந்து கொடுக்கிறார்கள்.

அந்த வைகாசியில் பத்தொன்பது நாள் உறங்கவில்லை.
கண்ணாடி கட்டிக் குனிந்தால்
பாரில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசி ஒவ்வொன்றும்
என் பெயரை எழுதிக் காட்டியது.
பாம்பன் பாலத்தில் போன ரயிலுக்குப் பன்னிரண்டு பெட்டி.
பன்னிரண்டு! புரிந்துவிட்டது எனக்கு.
தாலிச் செயினை ஐஸ் வண்டிக்காரனுக்குக் கொடுத்தேன்.
ஞாயிறு பூசை நடுவில் பீடத்தில் ஏறி
மைக்கைப் பிடுங்கிச் சொன்னேன்:
இன்று ராத்திரி கடல் தரையாகும்,
குருசடைத் தீவுக்கு நடந்தே போகலாம், வாருங்கள்.

யாரும் வரவில்லை.
என் மகள் வந்தாள். ஏழு வயது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கழுத்தளவு தண்ணீர்வரை என்னை நம்பினாள்.
வத்தையில் வந்த அடைக்கலம்
அவளை முடியைப் பிடித்துத் தூக்கினான்.
இதைச் சொல்லாமல்
மீதியைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

பிறகு ஆடி, ஆவணி. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
செபமாலை பிளாஸ்டிக்காக இருந்தது.
மாதாவின் மூக்கில் பெயிண்ட் உரிந்திருந்தது,
அந்த முகத்தில் வேறெதுவும் இல்லை.
நாத்தனார் ஜெனோவா சோறு வைப்பாள்,
ஈ ஓட்டுவாள், எடுத்துப் போவாள்.

"என்ன சொல்லிச்சு உனக்கு?" என்றார் பங்குச்சாமியார்.
"அந்தக் குரல் என்ன சொல்லும்?" என்றார் டாக்டர்.
ரெண்டு பேருக்கும் நிறையவே சொன்னேன்.
சொல்லாமல் விட்டது மூன்றாம் நாளை.

அன்று எதுவும் இன்னும் வேகம் பிடிக்கவில்லை.
கச்சான் ஓய்ந்திருந்தது.
இடுப்பளவு தண்ணீர், சாக்கில் பாதிப் பாசி.
விரலில் சுற்றிய துணி அவிழ்ந்து மிதக்க
எடுக்கக் கை நீட்டினேன்,
நீட்டிய கை நீட்டியபடி நின்றுவிட்டது.
அது பேசவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.
என்னைப் பெரிய ஆளாக்கவில்லை.
தண்ணீர் இருந்தது, நான் இருந்தேன்,
இன்னொன்றும் இருந்தது.
துணி போயே போயிற்று.

டாக்டரிடம் சொன்னால் அதுதான் ஆரம்பம் என்பார்,
சரியாகத்தான் இருக்கும்.
சாமியாரிடம் சொன்னால் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்.

ராத்திரி மாத்திரையை மகள் எண்ணித் தருகிறாள்,
இப்போது பதினொரு வயது.
தம்ளர் காலியாகும்வரை நகர மாட்டாள்.
லீவு நாளில் கடலுக்கு வருவாள்,
முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை.
நானும் கூப்பிடுவதில்லை.

சில காலையில், கண்ணாடி கட்டுமுன்
சும்மா கையை நீட்டிப் பார்ப்பேன்.
"என்னம்மா?" என்று கரையிலிருந்து குரல் வரும்.
ஒண்ணுமில்ல.
துணி.